மீன் என்று சொல்லப் போய் நஞ்சு என்றேன்: பிரெஞ்சு ஒலிப்பு படித்தவர்களின் அனுபவங்கள்

கானாடுகாத்தான் மாணவி:

முதுகலைப் பிரெஞ்சில் ஒலியியல் தாளுக்கு நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகுதான் இது நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறையில், எங்கள் ஊரில் தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடு ஒன்றில் பிரெஞ்சு விருந்தினருக்கு வழிகாட்டியாகச் சென்றுகொண்டிருந்தேன். வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில் இலை போட்டு அமர்ந்திருந்த ஒரு வயதான தம்பதியரிடம், இன்று உங்களுக்காகத் தொண்டியிலிருந்து வந்த மீனைக் குழம்பு வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். பெரியவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மனைவியைப் பார்த்தார். பிறகு, நஞ்சு உண்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டுச் சிரித்தார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸகரத்தை இரட்டித்து எழுதினால் மீன். ஒற்றையாக எழுதினால் அது இரண்டு உயிர்களுக்கு நடுவில் அதிர்வொலியாகி (ஆங்கில z போல) நஞ்சாகிவிடும். தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டுமே 'புவாஸோன்'தான். அந்த அதிர்வொலி நமக்கு வராது என்று சொல்லி, அதற்கு முந்திய இரண்டு வாரமும் மெஸோன், ரோஸ், குஸான் என்று வகுப்பில் ஓயாமல் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாக்கு அதிலேயே ஊறிப்போய், வேண்டாத இடத்திலும் அதிர்ந்துவிட்டது.

மறக்க முடியாதது அந்தச் சிரிப்பு அன்று. அந்த அம்மையார் எழுந்து வந்து, என் விரல்களைப் பிடித்துத் தம் தொண்டையின் மேல் வைத்து, இரண்டு சொற்களையும் மெதுவாகச் சொல்லிக் காட்டினார். ஒன்றில் தோல் அசையவே இல்லை. மற்றதில் உள்ளே வண்டு இருப்பதுபோல் இரைந்தது. குரல்வளையின் குறுக்குவெட்டுப் படத்தைத் தேர்வில் வரைந்து பாகம் குறித்தவள் நான். தொண்டையைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

தேவகோட்டை, ஐம்பதைக் கடந்தவன்:

எனக்கு நேர்ந்தது சிரிக்கக்கூடியது அன்று. எங்கள் ஐயா (அப்பச்சியின் தகப்பனார்) சைகோனுக்குக் கொண்டுவிக்க (வட்டிக்கடைத் தொழிலுக்கு) போனவர். பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக)ப் போய் அடுத்தாளாக (முகவருக்கு உதவியாளராக)த் திரும்பினார். கிட்டங்கியில் (கடை இருந்த கட்டடத்தில்) பேச்சும் கணக்கும் தமிழில்தான் என்றாலும், கடன் வாங்க வருகிறவர்களுக்காகவும் கச்சேரிக்கு (நீதிமன்றத்துக்கு)ப் போய்வருவதற்காகவும் பிரெஞ்சு பழகிக்கொண்டார். வீட்டில் பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது பணம் எண்ண நேர்ந்தால், எங்களுக்குத் தொகை தெரியக்கூடாது என்பதற்காகப் பிரெஞ்சில் எண்ணுவார். முகப்புத் திண்ணையில் அமர்ந்து அவர் 'காத்ர வன்' (எண்பது) என்று ரகரத்தை நாநுனியால் உருட்டும் ஓசையைக் கேட்டுத்தான் எனக்கு அந்த மொழியின்மேல் ஆசை வந்தது.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரமே விரிவுரையாளர் என் ரகரத்தைக் கேட்டு நிறுத்தினார். உள்நாக்கின் அருகில், வாய் கொப்பளிப்பதுபோல் எழுப்ப வேண்டும் என்றார். ஒரு வாய்த் தண்ணீரைத் தொண்டையில் நிறுத்தி எல்லார் முன்னிலையிலும் பழகச் சொன்னார். பழகினேன், வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் பெருமையாக ஐயாவிடம், நீங்கள் சொல்லும் ரகரம் தவறு, இப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் பிரெஞ்சில் எண்ணி நான் கேட்டதில்லை. தமிழில், வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டார்.

உள்நாக்கு ரகரம் பாரிசிலிருந்து பரவுவதற்கு முன் பிரான்சில் நாநுனி ரகரமே பொதுவழக்கு என்பதையும், நாட்டுப்புறங்களில் அது நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதையும், மேடைப் பாடகர்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் மூன்றாம் பருவத்தில்தான் படித்தேன். அதற்குள் ஐயா காலமாகிவிட்டார்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் அனுபவம் சிறியது. பணி ஓய்வுக்குப் பிறகு பிரெஞ்சுச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்திருந்தேன். வீட்டைப் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஏட்டுச்சுவடிப் பெட்டி எங்கே என்று கேட்டார். அலமாரிக்கு மேலே என்று சொன்னேன். அவர் வெள்ளைக் காற்சட்டையுடன் ஆத்தங்குடிக் கல்லில் மண்டியிட்டு அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்தார். 'தெஸ்யு' என்றால் மேலே, 'தெஸு' என்றால் கீழே. நான் சொன்னது கீழே.

இந்தத் தவறுக்குக் காரணம் நாம் நம் இலக்கணத்தை மறந்ததுதான் என்பது என் துணிபு. தொல்காப்பியப் பிறப்பியல் உகரம் முதலானவற்றை 'இதழ் குவிந்து இயலும்' என்கிறது. இகரம் முதலானவற்றுக்கு நாவின் விளிம்பு பல்லின் அடியைப் பொருந்த வேண்டும் என்கிறது. நாவை இகரத்துக்கு வைத்துக்கொண்டு இதழை உகரத்துக்குக் குவியுங்கள். 'தெஸ்யு'வின் கடைசி உயிர் அங்கே பிறந்துவிடும். நமக்கு அது வராமல் போவதற்குக் குற்றியலுகரமும் ஒரு காரணம். 'பத்து', 'பந்து' என்று பேசும்போது ஈற்றில் நாம் இதழைக் குவிப்பதே இல்லை. நா பின்னே இருக்கிறது, இதழ் தளர்ந்திருக்கிறது. பிரெஞ்சு உயிரோ நா முன்னே, இதழ் குவிந்து. நேர் எதிர். ஆகவே பிரெஞ்சில் 'நீ' எனப் பொருள்படும் 'த்யு'வை 'பத்து'வின் ஈறுபோல் சொல்கிற மாணவர் இரண்டு வகையிலும் பிழை செய்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்' என்ற நன்னூல் அடி தெரிந்தவருக்கு, 'ல' என்னும் சுட்டு 'ஆமி' (நண்பன்) என்னும் சொல்லுக்கு முன் தன் உயிரை இழந்து 'லாமி' ஆவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பந்து அடித்தான், பந்தடித்தான் ஆவது போன்றதே இதுவும். 'வா' (போகிறான்), 'இல்' (அவன்) இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரம் தோன்றி 'வாதில்' ஆவது நம் உடம்படுமெய்தான். நமக்கு யகரமும் வகரமும், அவர்களுக்குத் தகரம். எனவே இளைஞர்கள் அந்த அனைத்துலக ஒலிக்குறிகளை மனப்பாடம் செய்வதில் ஒரு பருவத்தை வீணாக்காமல், நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று பிறப்பியல் நூற்பாக்களைச் சொல்லி, ஒவ்வோர் உயிருக்கும் பத்து முறை இதழையும் நாவையும் பழக்கி, அதன்பிறகே பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றில் பழகுவது நல்லது.

காரைக்குடி, புதுவையில் படித்தவள்:

தமிழாசிரியர் அவர்களுக்கு வணக்கம். இதழும் நாவும் பற்றி நீங்கள் சொன்னதை ஆய்வகத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒலியை அலசும் பிராத் மென்பொருளில் இரண்டு உகரங்களையும் பதிவு செய்தால், 'தெஸு'வின் உயிருக்கு இரண்டாம் ஒத்திசைவுப் பட்டை (உயிரொலியை அடையாளம் காட்டும் அதிர்வெண் பட்டைகளில் ஒன்று) ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ் அளவில் கிடக்கும். 'தெஸ்யு'வின் உயிருக்கு அது 1800 வாக்கில் ஏறி நிற்கும். ஆனால் ஒலிக்குறிகள் வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1886இல் பாரிசில் பால் பாசியும் உடனிருந்த மொழியாசிரியர்களும் பின்னாளில் அந்த ஒலிக்குறிகளை உருவாக்கிய சங்கத்தைத் தொடங்கியதே வகுப்பறைத் தேவைக்காகத்தான். கானாடுகாத்தான் சகோதரி மீனையும் நஞ்சையும் தமிழெழுத்தில் வேறுபடுத்த முடியாமல் நின்றதை நீங்களே மேலே படித்தீர்கள்.

எனக்கு வராமல் போனவை மூக்குயிர்கள். பிரெஞ்சில் பழைய கணக்குப்படி வாயுயிர் 12, மூக்குயிர் 4. நான்கையும் ஒரே மூச்சில் சொல்ல 'நல்ல வெள்ளை ஒயின்' என்று பொருள்படும் நான்கு சொற்களைக் கொடுப்பார்கள்: அன், பொன், வன், பிளான். நான் சொன்னால் நான்கு சொல்லின் முடிவிலும் னகரம் கணீரென்று ஒலிக்கும். நல்லது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தங்கத்தைச் சொல்கிறாய் என்று தோழிகள் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் பேராசிரியர் கைக்கண்ணாடி ஒன்றை என் முன் வைத்து, உங்கள் வீட்டு வாசலில் என்ன நிற்கிறது என்று தமிழில் கேட்டார். வேப்ப மரம் என்றேன். மேடையில் பேசுவதுபோல் வேண்டாம், ஊரில் உன் ஆத்தாளிடம் சொல்வதுபோல் சொல் என்றார். சொன்னேன். மகரம் எங்கே என்று கேட்டார். மீண்டும் சொல்லிக் கண்ணாடியைப் பார்த்தேன். இதழ்கள் ஒட்டவே இல்லை. மூக்கில் ஒலி இருந்தது; மகரம் இல்லை. அதே மூச்சில், பிரெஞ்சில் பழுப்பு நிறத்துக்கு என்ன சொல் என்றார். 'மரோன்' என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ரகரத்தை மட்டும் தொண்டைக்குத் தள்ளினால் போதும். மற்றபடி அது எங்கள் வீட்டு வாசல் மரம்தான். 'வந்தான்', 'போனான்' என்று பேசும்போதும் ஈற்றில் மூக்குயிர்தான் வருகிறது. பிறந்தது முதல் பேசிவந்த ஒலியை, எழுத்தில் னகரமும் மகரமும் இருப்பதால் என் காதே கேட்காமல் விட்டிருக்கிறது.

திருப்பத்தூர், ஆய்வு மாணவன்:

உடம்படுமெய் ஒப்புமையில் ஒரு திருத்தம். 'வாதில்' வரைக்கும் சரி. ஆனால் சொற்களைச் சேர்த்துப் படிக்கும்போது ஒலிக்கும் மெய் எல்லாமே புதிதாகத் தோன்றுவதில்லை. 'லேஸாமி'யில் (நண்பர்கள்) வரும் அதிர்வொலி எழுத்தில் முன்பே இருப்பது. ஒரு காலத்தில் எங்கும் ஒலித்து, இப்போது உயிருக்கு முன் மட்டும் உயிர்த்தெழுவது. இந்த வேறுபாடு தெரியாமல், நம் புணர்ச்சி போலத்தானே என்று எல்லா இடத்திலும் சேர்த்துப் படித்ததால் நான் பட்டது இது.

வாய்மொழித் தேர்வில் மருது சகோதரர்களைப் பற்றிப் பேசினேன். 1801இல் எங்கள் ஊரில் தூக்கிலிடப்பட்டவர்கள் என்பதால் கொஞ்சம் உணர்ச்சியோடுதான் தொடங்கினேன். சிவகங்கையின் வீரர்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், நன்றாகப் புணர்த்தி, 'லேஸெரோ' என்றேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, எத்தனை சுழியங்கள் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் அழுத்தமாக, இருவர், சிவகங்கையின் சுழியங்கள் இருவர் என்று சொல்லி முடித்தேன்.

அந்தச் சொல்லின் முதலில் எழுதப்படும் ஹகரம் ஒலிப்பதில்லை. ஆனாலும் வாசலில் காவலாள்போல் நின்று புணர்ச்சியைத் தடுக்கும். 'லே எரோ' என்று விட்டிசைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வீராங்கனைக்கும் வீரத்துக்கும் உரிய சொற்களில் அதே ஹகரம் தடுப்பதில்லை. அங்கே தாராளமாகச் சேர்க்கலாம். வேலு நாச்சியாரைப் பற்றிப் பேசியிருந்தால் தப்பியிருப்பேன்.

தேவகோட்டை அண்ணனுக்கு ஒரு சொல்: நாநுனி ரகரம் தவறில்லை என்றாலும், இன்றைய தேர்வுகளுக்கு உள்நாக்கு ரகரம் பழகுவதே பாதுகாப்பு. முதலில் ககரத்தைச் சொல்லி, அதே இடத்தில் காற்றை உரசவிட்டு...

தேவகோட்டை, ஐம்பதைக் கடந்தவன்:

தம்பி, ரகரம் எப்படிச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது முப்பது ஆண்டுகளாக வருகிறது.

நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பிரெஞ்சுத் தகரம் பல்லைத் தொட்டுப் பிறப்பது, நம் 'த' போல. ஆங்கில வழியில் படித்து வந்த நாங்கள் எல்லாரும் மேசையை 'டாப்ல்' என்றோம்; அந்த டகரத்தை மாற்ற விரிவுரையாளர் ஒரு பருவம் முழுக்கப் போராடினார். ஐயாவோ முதலிலிருந்தே 'தாப்ல்' என்றுதான் சொன்னார். பகரத்திலும் ககரத்திலும் ஆங்கிலேயர் சேர்க்கும் மூச்சுக்காற்றும் அவரிடம் இல்லை. பிரெஞ்சுக்கும் அது ஆகாது. ஆங்கிலம் அறியாதவர் என்பதால் அவர் நாக்கில் கெடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. அவர் சொன்னவற்றில் ஒரே ஓர் எழுத்தைத்தான் என்னால் குறைசொல்ல முடிந்திருக்கிறது, அதைத்தான் சொன்னேன்.

கானாடுகாத்தான் மாணவி:

அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு என் கதையை வேடிக்கையாகத் தொடங்கியதற்குக் கூச்சமாக இருக்கிறது. தமிழாசிரியர் அவர்கள் சொன்ன கண்ணாடிப் பயிற்சியை, வெறும் வயிற்றில் இல்லாவிட்டாலும், செய்து பார்க்கிறேன்.

நேற்று அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, தொண்டையில் இரண்டு விரலை வைத்து அந்தச் சொல்லை இருபது முறையாவது சொல்லியிருப்பேன். ஒரு முறைகூட அதிரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் சுக்குக் கசாயம் கொண்டுவந்து வைத்து, சூடு ஆறுவதற்குள் குடி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.