அரசு வேலையா, ஊராட்சி அரசியலா? வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊராட்சியைச் சேர்ந்த நான், இந்த ஆண்டு பொருளியல் இளங்கலைப் படிப்பை முடிக்கிறேன். வீட்டில் அனைவரும் குரூப் 4 தேர்வையே நம்பியிருக்கிறார்கள். அப்பத்தா மட்டும் வங்கி வேலைதான் கௌரவம் என்கிறார்.

கடந்த அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊரணிக்கு நீர் வரும் வரத்துக்கால் அடைபட்டிருப்பதைப் பற்றி எழுந்து பேசினேன். அதைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வைப்பதற்கே ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது என்றாலும், அன்றிலிருந்து உள்ளாட்சி அரசியலில் எனக்கு ஏற்பட்ட ஈடுபாடு குறையவே இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட 21 வயது நிறைந்தால் போதும், எனக்கு நிறைந்துவிட்டது. ஆனால், அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால், நடத்தை விதிகளின்படி கட்சியில் உறுப்பினராகவோ தேர்தலில் வேட்பாளராகவோ இருக்க முடியாது என்பதுதான் என் தயக்கத்திற்குக் காரணம். வார்டு உறுப்பினர் பொறுப்பை நம்பிக் குடும்பம் நடத்தவும் இயலாது.

ஆகவே, தனியார் நிறுவனத்திலோ சொந்தத் தொழிலிலோ இருந்துகொண்டே ஊராட்சிப் பொறுப்பையும் வகித்தவர்கள் இக்குழுவில் இருந்தால், நேரத்தையும் வருமானத்தையும் எவ்வாறு சமாளித்தீர்கள் என்று விரிவாகக் கூற வேண்டுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் கணக்கு எழுதும் வேலையோ, தொண்டு நிறுவனங்களில் களப்பணியோ இருந்தாலும் தெரிவியுங்கள்; சென்னைக்குச் செல்லும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.