கட்டுப் பிரித்த பிறகு

நகரியிலிருந்து:

அப்பா விசைத்தறித் தொழிலாளி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் வாசல்படியில் வழுக்கி விழுந்து வலது முன்கை முறிந்துவிட்டது. எங்கள் பக்கம் கை கால் முறிந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது புத்தூர் கட்டுதான், அங்கே நாட்டு வைத்தியர்கள் போடுவது. ஆனால் நாங்கள் எக்ஸ்ரே எடுத்து ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டோம். முழங்கைக்கு மேல் வரை, 6 வாரம்.

பிரித்த அன்றுதான் பயந்துபோனேன். கை பாதியாக இளைத்திருந்தது. முழங்கை மடங்கியபடியே நின்றது. "எலும்பு கூடிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். பயிற்சி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் திருத்தணியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் புரியவைத்தார். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. மேல்கையின் முன்பக்கத் தசை சுருங்கினால் கை மடங்கும். நீட்டுவதற்குப் பின்பக்கத் தசை சுருங்கி இழுக்க வேண்டும், முன்தசை தளர்ந்து கொடுக்க வேண்டும். 6 வாரம் சும்மா இருந்ததில் இரண்டுமே மெலிந்து, மூட்டும் இறுகிவிட்டது.

அப்பாவுக்குப் பெரிய கஷ்டம் வேறு. உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை, கோயிலில் விபூதி வாங்க இடது கையை நீட்ட மனசு வராது. முன்கையில் இரண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதைச் சுற்றிப் புரண்டால்தான் உள்ளங்கை திரும்புமாம். தினமும் வெந்நீர் ஒத்தடம், ஈரத் துண்டைப் பிழிவது, செம்பைப் பிடித்து மெல்லத் திருப்புவது. மூன்று மாசம் ஆனது. திருத்தணி மலையில் வலது கையிலேயே விபூதி வாங்கினார்.

கட்டுப் போட்டிருக்கும்போதே விரல்களை அசைக்கலாமா, பிரித்த பிறகு என்ன பயிற்சி என்று டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பள்ளிப்பட்டிலிருந்து:

என் அத்தைக்கு விலா எலும்பில் விரிசல். கட்டுப் போடுவார்கள் என்று நினைத்தோம், வலி மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். 12 ஜோடி விலா எலும்பும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூண்டு மாதிரி. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகள் அந்தக் கூண்டைத் தூக்கி விரிக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகி நெஞ்சில் சளி தங்கிவிடும் என்றார் டாக்டர். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். அத்தைக்கு அதுதான் ரொம்ப உதவியது.