எல்லாருக்கும் ஒரே லீடர்போர்டு சரிவரவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிறு குழுவாக, ஆங்கிலச் சொற்கள் கற்றுத்தரும் ஒரு மொபைல் ஆப் நடத்துகிறோம். புள்ளி, பேட்ஜ், வாராந்திர லீடர்போர்டு (யார் எந்த இடம் என்று காட்டும் பட்டியல்) எல்லாம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முதலிடத்துக்கு முட்டி மோதுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள் பலர் பெயர் கடைசியில் வந்ததும் ஆப்பைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். "இந்த வயசுல எனக்கு ரேங்க் கார்டா?" என்று ஒரு அம்மா கேட்டே விட்டார். நியாயம்தானே!

ஆளுக்கு ஏற்றபடி மாற்றலாமா என்று தேடியபோது, விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதிய நான்கு வகை ஆட்டக்காரர்களைப் பற்றிப் படித்தேன். அது பலர் சேர்ந்து ஆடும் எழுத்துவழி விளையாட்டுகளை வைத்துச் சொன்னது. படிப்புக்கு அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். மார்செவ்ஸ்கி என்பவரின் ஹெக்ஸாட் என்ற பயனர் வகைப்பாடு கொஞ்சம் நெருங்கி வருகிறது: பரிசுக்காக வருபவர், சாதிக்க நினைப்பவர், பழக விரும்புபவர், தன் போக்கில் சுற்றிப் பார்ப்பவர், பிறருக்கு உதவுபவர், இருப்பதைக் கலைத்துப் பார்ப்பவர் என்று ஆறு வகை. ஒருவருக்கு ஆறிலுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

சிக்கல் என்னவென்றால், வகையைக் கண்டறியும் கேள்வித்தாளில் 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படி அளவுகோல். ஆப்பைத் திறந்ததும் இதை நீட்டினால் யார் உட்கார்ந்து நிரப்புவார்கள்?

கேள்வி கேட்காமல், பயன்படுத்தும் விதத்தை வைத்தே வகையை ஊகித்த அனுபவம் யாருக்காவது உண்டா? புதிதாக வருபவருக்கு முதல் வாரம் எதைக் காட்டினீர்கள்? அல்லது லீடர்போர்டு வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடமே விட்டுவிடலாமா? அப்புறம், அந்தக் கேள்வித்தாளை யாராவது தமிழில் சோதித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.