நீலகிரி செம்மறி: 104 உருப்படி போதுமா?

கேள்வி: கைவசம் 4 கிடா, 100 பெட்டை இருக்கு, எல்லாம் நீலகிரின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இனத்தக் காப்பாத்த இது போதும்தானே?

பதில்: தலை எண்ணிக்கைய பாத்து ஏமாறாதீங்க சார். கிடாவையும் பெட்டையையும் பெருக்கி, அத நாலால பெருக்கி, மொத்தத்தால வகுத்தா வர்றதுதான் இனப்பெருக்கத்துக்கு நிஜமா கணக்காகுற எண்ணிக்கை (effective population size). உங்களுக்கு அது 15 சொச்சம்தான், ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓ குறைஞ்சது 50 வேணும்ங்குது. அதே 100 பெட்டைக்கு 20 கிடா விட்டா இந்த எண்ணிக்கை 66 தாண்டிரும், அதனால கிடாக்குட்டிகள மொத்தமா கறிக்குத் தள்ளாம, உறவில்லாத கிடாவா வெளிமந்தைல தேடுங்க.

பதில்: கணக்கெல்லாம் சரி, முதல்ல அது நீலகிரிதானான்னு பாருங்க! நீலகிரி இனமே மெரினோ, சவுத்டவுன்னு வெளிநாட்டு செம்மறியும் கோயம்புத்தூர் ஆடும் எல்லாம் கலந்து உருவானதுதான், வெள்ளையா இருக்குன்னு மட்டும் வச்சு சொல்ல முடியாது. விலாப்பக்கம் ரோமத்த விரிச்சு பாருங்க, மெலிசா இருக்கணும். சந்தேகம்னா நீலகிரில இருக்கிற சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்துல கேட்டுருங்க.

கேள்வி கேட்டவர்: கிடா கிடைக்கலன்னா உறைவிந்து ஊசி போட்டுக்கலாமா?

பதில்: மாடு மாதிரி ஈஸி இல்லங்க, செம்மறிக்கு கருப்பை வாய் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும், உறைவிந்துன்னா லேப்ராஸ்கோப் (வயித்துல சின்ன துளை வழியா விட்டுப் பாக்குற குழாய்க்கருவி) வச்சு நேரா கருப்பைல போட்டாத்தான் ஓரளவு சினை நிக்கும். இப்போதைக்கு காதுல டேக் போட்டு எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்குன்னு நோட்டுல எழுத ஆரம்பிங்க.