பாயின்டை மைலாக மாற்றுவது எப்போது?

தேக்காவாசி:
கிரெடிட் கார்டில் ஒன்றரை லட்சம் மைலுக்கான பாயின்ட் சேர்ந்திருக்கிறது. காலாவதி ஆகாத பாயின்ட். அடுத்த ஜூன் பள்ளி விடுமுறையில் மனைவி, மகளோடு சென்னை போக எண்ணம்; தேதி முடிவாகவில்லை. இப்போதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் (எஸ்.ஐ.ஏ.) கிரிஸ்ஃபிளையர் கணக்குக்கு, டிக்கெட் போட உதவும் மைலாக மாற்றிவிடவா?

ஈசூன் குமரன்:
மாற்றாதீர்கள். கார்டில் இருக்கும்வரை அதற்கு வயது ஏறாது. கிரிஸ்ஃபிளையருக்குள் போனதுமே மூன்று ஆண்டுக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். திருப்பி எடுக்கவும் முடியாது. நாளைக்கே வேறு விமான நிறுவனத்தில் நல்ல இருக்கை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

செங்காங் மீனா:
குமரன் அண்ணே, எனக்கு நடந்ததைக் கேளுங்கள். தங்கை கல்யாணத்துக்குச் சென்னைக்கு இரண்டு சேவர் இருக்கை (குறைந்த மைலில் கிடைப்பது) இருந்தது. பார்த்தபோது இரவு பதினொன்றரை. அந்த நிமிஷமே வங்கிச் செயலியில் மாற்றக் கொடுத்தேன். மைல் வந்து சேர நான்கு நாள். எம்.ஆர்.டி. ரயிலில் நின்றபடி திறந்து பார்த்தால் அதே தேதியில் 'வெயிட்லிஸ்ட்'. கடைசியில் காசு கொடுத்துத்தான் போனேன். மைல் கணக்கில் இல்லாமல் டிக்கெட் போட முடியாது. பாயின்டாக வைத்திருந்து எனக்கு என்ன பயன்?

ஈசூன் குமரன்:
கல்யாணத்துக்கு அப்படி ஆனது கஷ்டம்தான் தங்கச்சி. ஆனால் உங்களுக்குத் தேதி தெரியும், இவருக்குத் தெரியாதே. 2022 ஜூலையில் சேவருக்கு வேண்டிய மைலை ஏறத்தாழ 10 சதவீதம் ஏற்றினார்கள். முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தவர்களின் மைலும்தான் மதிப்பு குறைந்தது.

செங்காங் மீனா:
மைலை ஏற்றப் போவதாக முன்னறிவிப்பு வரும் சில வாரங்களில் யார் கையில் மைல் இருக்கிறதோ அவர்தான் பழைய கணக்குக்கு டிக்கெட் போட முடியும். கெடு நெருங்கினாலும் 10,000 மைலுக்கு 12 அமெரிக்க டாலர் அல்லது 1,200 மைல் கொடுத்து ஆறு மாதம் நீட்டிக்கலாம்.

ஈசூன் குமரன்:
பத்தாயிரத்தில் ஆயிரத்து இருநூறு! அதைச் சேர்க்க எத்தனை மாதம் மளிகை வாங்க வேண்டும்?

ஜூரோங் செல்வம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒரு தடவை மாற்றவே 25 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் பிடிக்கும் வங்கிகள் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் அதிலேயே காசு கரையும். அப்புறம், எஸ்.ஐ.ஏ. 355 நாளுக்கு முன்பே இருக்கையைத் திறக்கிறது. பள்ளி விடுமுறை சீட்டுக்கு ஊரே காத்திருக்கும். முதலில் வீட்டில் உட்கார்ந்து தேதியைப் பேசுங்கள் தம்பி.

தேக்காவாசி:
பேசிவிட்டோம். ஜூன் 3 போய் 24 திரும்புகிறோம். மூன்று பேருக்கும் வேண்டியதை மட்டும் இன்றிரவே மாற்றுகிறேன். மிச்சம் கார்டிலேயே இருக்கட்டும்.

ஈசூன் குமரன்:
இது சரி.

செங்காங் மீனா:
கொஞ்சம் கூடுதலாகவே மாற்றுங்கள் அண்ணே. நான்கு நாளில் ஒரு சேவர் போய்விட்டால், மகளுக்கு அதிக மைல் கேட்கும் அட்வான்டேஜ் இருக்கையில் போட மைல் பற்றாது.