தோலுரிக்கும்போது கும்பிடுபூச்சி விழுந்துடுச்சு, ஜாடியில என்ன தப்பு?

கேள்வி:
இடம் சென்னை. பச்சைக் கும்பிடுபூச்சி, ஹைரோடூலா வகை, இன்னும் இறக்கை வரல. உடம்பு நீளம் 4 செ.மீ. இருப்பது 2 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி, உயரம் 24 செ.மீ. மூடியில சூடான ஆணியால 20 ஓட்டை. அடியில 5 செ.மீ. தோட்டத்து மண், நடுவுல நிமிர்ந்து நிக்கிற கொய்யாக் குச்சி ஒண்ணு. காலையிலயும் ராத்திரியும் தண்ணி தெளிக்கிறேன். நேத்து ராத்திரி தோலுரிக்கும்போது பாதியில விழுந்து வலது முன்னங்கால் வளைஞ்சுபோச்சு. உயரம் போதலையா, ஈரம் போதலையா? கண்ணுல கறுப்புப் புள்ளி வேற தெரியுது.

பதில்:
உயரம் தாராளம். உடம்பு நீளத்தைப்போல 3 மடங்கு இருந்தாலே போதும். முதல்ல ஒண்ணு சொல்லுங்க, உரிச்ச பழைய தோல் எங்க கிடந்தது? மேலேயே தொங்கிக்கிட்டு இருந்தா பிடிமானம் சரி, ஈரக் குறைவோ வேற இடைஞ்சலோ காரணமா இருக்கலாம். பூச்சியோட சேர்ந்து கீழே கிடந்தா பிடிதான் விட்டிருக்கு.

கேட்டவர்:
தோலும் கீழேதான் கிடந்தது. உள்ளே ஒரு சுவர்க்கோழியும் இருந்துச்சு, இரைக்காகப் போட்டது.

பதில்:
அப்போ மூடிதான் காரணம். நடு, பின் கால் நகங்களால மேலே பிடிச்சுத் தலைகீழாத் தொங்கும். முதுகுப் பக்கம் தோல் வெடிச்சதும் புது உடம்பு தன் எடையாலேயே கீழ்நோக்கி வழுக்கி வரும். அந்த நேரம் மொழுமொழு பிளாஸ்டிக்ல நகம் நிக்காது. நிமிர்ந்த குச்சியும் உதவாது, அதுல தொங்க வழியில்ல.

மூடியைச் சுத்தி 1 செ.மீ. விளிம்பு விட்டு நடுவை வட்டமா வெட்டி எடுங்க. நைலான் கொசுவலையை உள்பக்கமா ஹாட் குளூவால ஒட்டுங்க, விளிம்பையும் சேர்த்து மூடுற மாதிரி. வெளிப்பக்கம் ஒட்டினா உள்ளே வழுக்கல் வளையம் அப்படியே இருக்கும், பூச்சி அங்கேயே போய்த் தொங்கும். இரும்பு வலை வேண்டாம், நகம் மாட்டிப் பாதம் அறுந்துடும். குச்சியைச் சாய்வா வச்சு, வலைக்குக் கீழே 8 செ.மீ.யாவது காலியா விடுங்க. பக்கச் சுவர்ல அடியோரமா சின்னச் சின்ன ஓட்டை போட்டா காத்து கீழே நுழைஞ்சு மேலே போகும்.

சுவர்க்கோழியை ராத்திரி உள்ளே விடவே கூடாது. தோலுரிக்கிற பூச்சியால ஒண்ணும் செய்ய முடியாது, சுவர்க்கோழி அதைக் கடிச்சுத் தின்னுடும். நைலான் வலையையும் ஓட்டை போட்டுடும். வயிறு உப்பலா இருந்தும் இரையைத் தொடாம, ஒரே இடத்துல அசையாமத் தொங்கினா தோலுரிக்கப் போகுதுன்னு அர்த்தம். இரையை எடுத்துட்டு ஜாடியைத் தொடாம விட்டுடுங்க. உரிச்ச பிறகு 24 மணி நேரம் கையில எடுக்காதீங்க, உடம்பு மெழுகு மாதிரி மெத்துனு இருக்கும்.

இன்னொரு பதில்:
ஈரத்தைப் பத்தி. சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரம் உண்டு, ரெண்டு வேளைத் தெளிப்பு அதிகம். காலையில சுவர்ல பொடித் துளி படுற அளவு ஒரு தடவை. பூச்சி அந்தத் துளியைத்தான் குடிக்கும். சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடணும். காயலைன்னா காத்தோட்டம் போதலை, பூஞ்சை வரும். தோட்டத்து மண்ணை எடுத்துட்டு டிஷ்யூ பேப்பர் விரிங்க, அழுக்கானா மாத்துறது சுலபம்.

கண் புள்ளிக்கு ஒரு சோதனை. ஜாடியை அசைக்காம நீங்க மட்டும் இடமும் வலமும் நகர்ந்து பாருங்க. புள்ளி உங்களோடயே நகர்ந்தா காயமில்ல, கூட்டுக்கண்ணோட அமைப்பால அப்படித் தெரியுது. ராத்திரியில கண் முழுசும் கறுக்கிறதும் இயல்பு. நகராம ஒரே இடத்துல நின்னா மட்டும் பிளாஸ்டிக்ல உரசின தழும்பு.

கேட்டவர்:
நகருது! கால் சரியாகுமா?

பதில்:
இன்னும் தோலுரிக்க வேண்டியிருக்கு, அதனால அடுத்தடுத்த உரிப்புல திருந்த வாய்ப்பு இருக்கு. இழுத்து நிமிர்த்தாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு, சின்ன ஈயைச் சாமணத்தால வாய்கிட்ட நீட்டுங்க. மருந்தடிச்ச தோட்டத்து ஈ வேண்டாம். அந்த அறையில கொசுவத்தியோ லிக்விடோ வைக்காதீங்க, கொசுவைக் கொல்றது இதையும் கொல்லும்.

ஹாட் குளூ இப்போ கையில இல்லன்னா மூடியே வேண்டாம். ஜாடி வாய்ல கொசுவலையை விறைப்பா இழுத்து ரெண்டு ரப்பர் பேண்ட் போடுங்க. இன்னிக்கு ராத்திரிக்கு அது போதும்.