'டிஃபியூசர்': சிதறியா, தணிப்பியா, விரிப்பா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சிகளைப் படமெடுப்பது பற்றிய நம் கையேட்டில், ஃபிளாஷ் வெளிச்சத்தை அகலப் பரப்பி மென்மையாக்கும் 'டிஃபியூசர்' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ் தேடி இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறோம். இதுவரை வந்தவை ஒளிபரப்பி, ஒளிச்சிதறி, ஒளித்தணிப்பி. முதலாவதை விட்டுவிடலாம். 'ஒளிபரப்பு' தொலைக்காட்சிக்குத் தாரை வார்த்தாகிவிட்டது, திருப்பிக் கேட்க முடியாது.

'ஒளித்தணிப்பி'யோடு எனக்குக் கொஞ்சம் சொந்தப் பகை. வெளிச்சத்தைத் தணித்தால் போதும் என்று நம்பி ஏமாந்தவன் நான். முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது லென்ஸைச் சுற்றி மாட்டும் வளைய ஃபிளாஷ். வீட்டுப் பின்னால் கங்கோங் கீரைப் பாத்தியில் ஆமைவண்டு ஒன்று. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை, முதுகு பொன்னும் பச்சையுமாக மினுங்கும். எடுத்த படத்தில் அந்த முதுகின் மேல் வெள்ளை வளையல் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஃபிளாஷின் திறனைக் குறைத்தேன். வண்டு இருண்டதே தவிர வளையல் போகவில்லை.

வெளிச்சத்தின் அளவு வேறு, விளக்கின் அகலம் வேறு என்பது அப்புறம்தான் உறைத்தது. சூரியன் எவ்வளவு பெரியதானாலும் நம் வானத்தில் அதன் அகலம் அரைப் பாகைதான். அதனால்தான் உச்சிவெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. மழைக்கு முன் இங்கே பினாங்கில் கொடிமலைப் பக்கம் மேகம் கவிந்தால் வானம் முழுவதும் விளக்காகிறது, நிழல் கரைந்துவிடுகிறது. டிஃபியூசர் செய்வதும் இதைத்தான். 20 செ.மீ. அகல வெள்ளைத் தாளை வண்டுக்கு 5 செ.மீ. அருகில் பிடித்தால் வண்டுக்கு அது ஏறக்குறைய பாதி வானம். அதே தாளை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் வெறும் கைக்குட்டை. ஒளி சற்றுக் குறைவது இதில் பக்கவிளைவு. அதைப் போய்ப் பெயராக வைப்பானேன்?

'ஒளிச்சிதறி' அறிவியல்படி தவறில்லை. ஆனால் பாடநூல்களில் ஒளிச்சிதறல் என்றாலே சி.வி. ராமனும் வானத்து நீலமும்தான். போதாக்குறைக்கு, பினாங்குக்காரன் காதில் 'சிதறு' என்று விழுந்தால் தைப்பூசத் தேருக்கு முன் உடைபடும் தேங்காய்தான் கண்முன் வரும். வண்டின் முதுகில் அந்தத் தெறிப்பு வேண்டாம் என்றுதானே இத்தனை பாடு!

நான் முன்வைப்பது 'ஒளிவிரிப்பு'. பாயை விரிப்பதும் விரிப்பு, மேசைமேல் விரித்த துணியும் மேசைவிரிப்பு. செயலுக்கும் பொருளுக்கும் ஒரே சொல் முன்பே பழக்கத்தில் இருக்கிறது. என்னுடைய ஒளிவிரிப்பைப் பார்த்தாலும் பெயர் பொருந்துவது தெரியும்: சிப்ஸ் குழாய், உள்ளே அலுமினியத் தாள், வாயில் கேக் சுடும் தாளை அகலமாக வளைத்து ஒட்டியது. பின்னால் இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் மலிவான ஃபிளாஷ். உயிரளவுக்கு, அதாவது வண்டின் பிம்பம் கேமராவுக்குள் அதன் நிஜ அளவிலேயே விழும்படி, நெருங்கிப் போனால் லென்ஸ் துளையை எஃப் 11 என்று வைத்தது அதைவிடச் சிறிய துளையான எஃப் 22 போல இருண்டுவிடும், ஆகவே ஃபிளாஷ் இல்லாமல் ஆகாது. ஆனால் விளக்கு வண்டின் மூக்கடியில் இருப்பதால் பெரிய திறன் தேவையில்லை. குறைந்த திறனில் ஃபிளாஷ் மின்னுவதும் நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கை நடுக்கமும் உணர்கொம்பின் அசைவும் படத்தில் பதியாது. கையேட்டில் இந்தப் பத்தி கட்டாயம் வேண்டும். விலையுயர்ந்த ஃபிளாஷைத் தேடி அலைபவர்கள் நம்மிடையே நிறைய.

கோலாலம்பூர் நண்பர் கேட்டிருந்தார்: "விரிப்பு என்றால் துணி மாதிரி இருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் மூடியை என்ன சொல்வது?" குடைத்துணிக்கும் கம்பிக்கும் சேர்த்துக் குடை என்கிறோமே, அதுபோலத்தான். அவர் சொல்லும் 'ஒளிவிரிப்பான்' எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதற்காகச் சண்டை போடமாட்டேன். 'டிஃபியூஸ்டு லைட்' என்பதற்கு 'விரியொளி' என்று போடலாம்.

'ஃபிளாஷ்' இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். 'மின்வெட்டொளி' வேண்டவே வேண்டாம், கரண்ட் போன வீடு மாதிரி இருக்கிறது.